மூன்றாம் பிரஸ் மோகினிக்கு ஓர் அணிந்துரை

1

தமிழ்கூறும் நல்லுலகம் சற்றே எழுந்து நிற்கக் கடவது. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையின் முதல் பேய், இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் பேனாவிலிருந்து 2003ஆம் ஆண்டு ஆடி மாதம் அவதரித்தது என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன்.

உட்காரலாம்.

என்னிடம் கேட்கப்பட்டது அணிந்துரைதான். ‘மூன்றாம் பிரஸ் மோகினி’ என்ற மாத நாவலின் இரண்டாம் பதிப்புக்கு. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அதன் ஆசிரியர் கேப்டன் ருத்ரன் சொன்னார்: “இதெல்லாம் சுத்தப் பொய்னு எழுதிக் குடு சார். நான் சொன்னா எவனும் நம்பமாட்றான்.”

புத்தகத்தைத் திட்டி அணிந்துரை கேட்ட ஆசிரியரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எழுத உட்கார்ந்தேன். இப்படி ஆகிவிட்டது.

2

தொடக்கம் (அ): பனி படர்ந்த எல்லைச் சிகரத்தில், துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி, கேப்டன் ருத்ரன் முதன்முதலாக மரணத்தின் கண்களை

அடித்துவிட்டேன். அவர் கேப்டன் இல்லை, ருத்ரனும் இல்லை. பெயர் பொன்னுரங்கம், ஊர் வல்லம் வடகால். ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் ரேஷன் கிடங்கில் பருப்பு நிறுத்தார். எல்லையை ஒருமுறை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், அதுவும் தூரத்தில்.

தொடக்கம் (ஆ): ஓய்வுபெற்று வந்த பொன்னுரங்கம், கார்களுக்குக் கதவுக் கீல் அடித்துக்கொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி ஆனார். உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் பையையும் தடவிப் பார்ப்பது உத்தியோகம். இரண்டு தடவலுக்கும் நடுவே பேய்க்கதை எழுதினார்.

இது தேவலாம். இதையே வைத்துக்கொள்வோம்.

மிலிட்டரிக்காரர் பேய்க்கதை எழுதினால் ஜனங்கள் அப்படியே நம்புகிறார்கள். பிணம் பார்த்த கண் என்கிறார்கள். அந்தக் கண் பார்த்ததெல்லாம் வண்டு விழுந்த துவரம்பருப்பு.

3

நாவலின் சாரம்: தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் மூன்றாம் பிரஸ்ஸில் ஒரு மோகினி குடியிருக்கிறாள், வேலை செய்பவர்களின் கையைப் பிடித்து இழுக்கிறாள். ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் (வேறு யார்?) அந்த மெஷினின் வலது பித்தான்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்து மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டுகிறார். மோகினி அடங்குகிறாள். முற்றும்.

(ஏன் வலது பித்தான் என்று கேட்டேன். “ஒரு எஃபெக்டுக்கு சார்” என்றார். பிரஸ் ஓடும்போது அவர் கிட்டே நின்றதே இல்லை. வாசல் டியூட்டிக்காரர் உள்ளே தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.)

(அறியாதவர்களுக்கு: பிரஸ்ஸுக்கு இடதும் வலதுமாக இரண்டு பித்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பித்தானில் இருந்தால் எந்தக் கையும் இரும்புக்குக் கீழே இருக்காது. இதில் வேறு தத்துவம் எதுவும் இல்லை.)

நாவல் தொழிலாளர்களின் வாடகை அறைகளில் கைமாறிக் கிழிந்தது. மூன்றாம் பிரஸ்ஸில் நிற்க ஆள் வரவில்லை. அப்போதுதான் சூப்பர்வைசர் சக்திகுமார் புத்தகத்தை வாங்கிப் படித்தார். அவ்வளவு கூர்மையான வாசகர் நம் மொழியில் எந்த எழுத்தாளனுக்கும் வாய்த்ததில்லை.

“மிலிட்டரி அண்ணே, நீங்க எழுதின மாதிரியே பழம் வெச்சு கட்டிட்டேன். பசங்க பயமில்லாம நிக்கிறானுங்க. அவுட்புட்டும் எகிறிடுச்சு.”

“மெய்யாலுமா?” என்றார் பொன்னுரங்கம். அன்று முழுக்க அவர் யார் பையையும் சரியாகத் தடவவில்லை.

பழம் வலது பித்தானை அமுக்கியபடியே இருந்தது. இனி இடது கை போதும். தகட்டை வைக்கவும் எடுக்கவும் வலது கை சும்மா இருந்தது. மந்திரித்துக் கட்டியதை எவன் அவிழ்ப்பான்? ஒவ்வொரு ஷிப்டும் துணிக்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது.

4

[இங்கே ரத்தம் பற்றி ஒரு பத்தி இருந்தது. ருத்ரன் பாணியில் நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

கை போனது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிக்கு. சத்தம் கேட்டுப் பொன்னுரங்கம் முதன்முறையாக மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடினார். சக்திகுமார் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“பழம் இருக்கதால ஒத்தக் கையிலதானே ஓட்டுவோம்” என்று யாரோ அழுதுகொண்டே சொன்னது காதில் விழுந்தது. தான் எழுதியது என்னவென்று ஆசிரியருக்கு அப்போதுதான் புரிந்தது.

5

தொழிற்சாலை ஆய்வாளர் மறுநாள் விசாரிக்க வருவதாக இருந்தது. பித்தானைக் கட்டியது சூப்பர்வைசர் என்று இசக்கி சொன்னால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும், அவன் வயிற்றுக்கு ஒரு வழி பிறக்கும். சொல்லாவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஊருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். பொன்னுரங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“டேய் இசக்கி, ஆபீஸர் கேட்டா, துணிய கட்னது சக்திகுமாருன்னு சொல்லிடு. அதாலதான்டா உன் கை போச்சு. இன்னா?”

“துணியவா குத்தஞ் சொல்லச் சொல்லுதீய அண்ணாச்சி? அது இருக்கப்போயிதான் கையோட விட்டா. இல்லன்னா ஆளையே தூக்கியிருப்பா.”

“எவடா?”

“உங்க புஸ்தகத்துல உள்ளவதான்.”

“டேய், அது நான் வுட்ட கப்ஸாடா! மோகினியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கேட்டாண்ட குந்திகினு பொழுது போவாம எழுதினேன்.”

இசக்கி சிரித்தான். வலியிலும் பாசமான சிரிப்பு. “பயப்படுதீய. வெளிய சொன்னா உங்களையும் புடிப்பால்லா.”

“நான் துப்பாக்கியே சுட்டதில்லடா. மிலிட்டரில பருப்பு நிறுத்துகினு இருந்தவன். போதுமா?”

“இந்த அடக்கந்தான் அண்ணாச்சி உங்ககிட்ட. நீங்க எழுதல. அவதான் உங்களை எழுத வச்சிருக்கா.”

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு வாசகன் வாயால் கேட்க நாங்களெல்லாம் ஆயுள் முழுக்கக் காத்திருக்கிறோம். பொன்னுரங்கத்துக்கு அது மூத்திரக் குவளை வைத்த கட்டிலருகே கிடைத்தது. அவர் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மோகினிக்குப் பயந்து அழுகிறார் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

6

முடிவுகள்.

(அ) இசக்கி உண்மையைச் சொல்கிறான். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். என் இசக்கி வாயைத் திறக்க மறுக்கிறான். அவனுக்கு என்னைவிட ருத்ரன்மேல்தான் நம்பிக்கை.

(ஆ) பொன்னுரங்கமே ஆய்வாளரிடம் போகிறார். “துணி கட்டி ஓட்டியதைப் பார்த்தீர்களா?” “அவுக்கும்போது பாத்தேன் சார்.” “ஓட்டியதை?” “பாக்கல சார். எழுதினேன்.” எந்த அதிகாரி இதைக் குறித்துக்கொள்வார்?

(இ) மோகினி நிஜமாகவே வந்து சக்திகுமாரைத் தூக்கிப்போகிறாள். பதிப்பாளர் இதைத்தான் விரும்புகிறார். கை போன செய்தி பரவியதால்தான் இரண்டாம் பதிப்பே. பக்கத்துக் கம்பெனிகளிலும் இப்போது பழம் கட்டுகிறார்களாம்.

வாசகரே, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று

ஆய்வாளரிடம் இசக்கி, “என் கவனக்குறைவு சார்” என்றான். அவர் எழுதிய தாளில் இடது கைப் பெருவிரலை ஒற்றினான்.