சங்கையா வந்து போன வீடு

தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு முத்துப்பேச்சி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, உடம்பில் நனையாத இடமே இல்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே அந்த எஸ்டேட்டில் ஆடி மழை அப்படித்தான். பிடித்தால் விடுகிற நினைப்பே கிடையாது. வேலைத் துணி காலைக்குள் காய்ந்தாக வேண்டும். பழைய பெயின்ட் டின்னில் தணலை அள்ளிப் போட்டு, மேலே கரியைக் கொட்டி அறையின் நடுவில் வைத்தாள். அதற்கு மேலே கொடியில் துணியை விரித்தாள். குளிர்காற்று நுழையாதபடி ஜன்னல் இடுக்கிலும் கதவுக்கு அடியிலும் சாக்கைத் திணித்தாள். லயத்தில் எல்லாரும் தணல் வைப்பவர்கள்தான். ஆனால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் வந்து போவார்கள், கதவு சாத்தினபாடில்லை. இவள் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள்? மகள் ஆனந்தி திருப்பூரில் தையல் கம்பெனியில் இருக்கிறாள். போன் வரும், சிக்னல் இருந்தால்.

இரண்டு டம்ளரில் பால் விடாத கட்டஞ்சாயா ஊற்றினாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று புருசன் சங்கையாவுக்கு. சங்கையா செத்து மூன்று வருசம் ஆகிறது.

கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது, கண் மங்கியது. பிறகு மூலையில் சங்கையா உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் ஏச்சு, முழங்கால் வலி, ஆனந்தி ஊருக்கு வராதது, எல்லாவற்றையும் சொன்னாள். பாவம், அதற்காகவே அவள் தினமும் பொழுது சாயக் காத்திருந்தாள்.

மறுநாள் காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாந்தி எடுத்தாள். இரண்டு கதவு தள்ளிக் குடியிருக்கும் சுடலைமணி ஓடிவந்தார். தேயிலை பாக்டரியில் மெஷின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேர்தான் சுடலைமணி, சுடலைமாடன்னு ஒரு சாமியே கிடையாது என்று வருசக்கணக்காய் வாதாடி வருகிற ஆள். எதிரே யாராவது சிக்கினால் போதும், சாமி இல்லை என்று நிரூபிக்காமல் விடமாட்டார்.

"என்ன மயினி, ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல கொழுந்தனாரே. சாயங்காலமானா ஒங்க அண்ணன் வாராக. பேசிக்கிட்டே இருந்துட்டேன்."

சுடலைமணி குழாயடியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "செத்தவன் திரும்பி வந்தா நான் மீசையை எடுத்துருதேன்! எல்லாம் மனப்பிராந்தி."

"மாதாவையே நேர்ல பாத்தவுக இருக்காக. ஒமக்கு எல்லாமே இளக்காரம்தான்" என்றாள் தண்ணீருக்கு நின்ற கத்தரீனாள்.

"பாத்தேன்னு சொன்னாப் போதுமாக்கும்? கண்ணுதான் மொதப் பொய்க்காரன்."

முத்துப்பேச்சிக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப இன்னிக்கு நீரே வந்து உக்காந்து பாரும்."

சாயங்காலம் சுடலைமணி ஜம்மென்று வந்து உட்கார்ந்தார். அவள் மூலையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தபோது மீசைக்குள் சிரித்துக்கொண்டார். தணல் சிவந்து கிடந்தது. போகப்போக அவருக்கும் நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. வாசலில் யாரோ குடத்தை இறக்கிவைக்கிற சத்தம். "என்னங்க" என்று ஒரு குரல். செத்துப்போன அவர் மனைவி முருகேசுவின் குரல்.

"முருகேசு!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். கால் சொன்னபடி கேட்கவில்லை. கதவின்மேல் போய் விழுந்தார். கொண்டி தெறித்துக் கதவு திறந்துகொண்டது. ஈரக்காற்று முகத்தில் அடித்ததும் குரல் நின்றுபோனது. வாசலில் யாருமில்லை. திரும்பிப் பார்த்தால், உள்ளே முத்துப்பேச்சி சுருண்டு கிடந்தாள். தவழ்ந்துபோய் அவளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மலையாளத்து நர்ஸ் டின்சி இருவரையும் திட்டித் தீர்த்தாள். "ரூமை அடைச்சிட்டு கரி எரிக்கலாமோ சேச்சி? அதுல விஷவாயு வரும். மணமும் இல்ல, நிறமும் இல்ல. தலை வலிக்கும், இல்லாதது எல்லாம் தோணும், பின்ன ஒரே உறக்கம்தான். இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

"நான்தான் கூறுகெட்டவ. கொழுந்தனாரும் முருகேசுன்னு கத்துனாரே, அது என்னவாம்?" என்றாள் முத்துப்பேச்சி.

சுடலைமணி நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "கேட்டேன் மயினி. சத்தியமா அவ கூப்பிட்டாப்பலயே இருந்தது. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரே ரூம்ல ஒங்களுக்கு சங்கையா, எனக்கு முருகேசு. அண்ணனை நான் பாக்கல, அவ குரலு ஒங்களுக்குக் கேக்கல. வந்தது அவுக ரெண்டு பேருமில்ல. நம்ம ஏக்கந்தான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வீடு திரும்பிய அன்றைக்குச் சாயங்காலமும் மழை. சந்தேகம் வந்து சுடலைமணி எட்டிப் பார்த்தார். தணல் டின் நடுவீட்டில் இருந்தது. முத்துப்பேச்சி ஜன்னலடியில் சாக்கோடு நின்றிருந்தாள்.

"மயினி! இவ்வளவு சொல்லியுமா? செத்துருவீக!"

"சாக்கை எடுத்துட்டா அவுக வரமாட்டாகள்லா?"

எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேரை மடக்கிய மனுசன். இப்போது தலையைக் குனிந்துகொண்டார். "வரமாட்டாக" என்றார்.

"அப்ப நான் யாருகிட்டப் பேச? சாமி இருக்கா, பேய் இருக்கான்னு காலமெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுதீரு. ரெண்டு கதவு தள்ளி ஒருத்தி கெடக்காளே, அவ இருக்காளா செத்தாளான்னு என்னிக்காவது கேட்டீரா?"

சுடலைமணிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் வீட்டிலும் பேச ஆளில்லை என்பதையும், அதனால்தான் குழாயடியில் போவோர் வருவோரோடெல்லாம் மல்லுக்கு நிற்கிறோம் என்பதையும் அப்போதுதான் அவர் தனக்குள் ஒத்துக்கொண்டார். டின்னைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இல்லாததை இல்லன்னு சொன்னது சரிதான் மயினி. அதுல எனக்கு மாத்தமில்ல. கண்ணால பாத்தாலும் காரணத்தைத் தேடித்தான் பாக்கணும். இல்லன்னா நேத்தே நாம பொணம். ஆனா ஒருத்தர் புடிச்சுக்கிட்டு இருக்கதைப் பொய்யின்னு புடுங்கிட்டு, அவுகளைத் தனியா விட்டுட்டுப் போறது பகுத்தறிவு இல்ல. அது கல்நெஞ்சு. பேசுங்க. நான் கேக்கேன்."

முத்துப்பேச்சி கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டாள். பிறகு ஜன்னல் கதவைத் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. மூலையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பேசுதேன். ஆனா நடுவுல வாதம் பண்ணப்பிடாது."

"பண்ணல மயினி" என்றார் சுடலைமணி.