முப்பது கழி தூரம்

எல்லப்பனின் இடது கண்ணைப் போக்கியவன் நான்தான். படகு தள்ளும் கழியின் முனையால் ஓங்கிக் குத்தினேன். படித்தவன் கை நீட்ட மாட்டான் என்று எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். படித்தவன் அடித்துவிட்டு அதற்குக் காரணமும் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம்.

1989 ஜனவரி அது. சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட். பாலில் இருந்து வரும் ஒரு வகைச் சர்க்கரை கிடைத்தால், அதைத் தின்பதற்கான மரபணுக்களை முடுக்கிவிட அதற்குள் ஒரு புரதம் இருக்கிறது. கோடி எழுத்துக்கு மேல் நீளும் டி.என்.ஏ. இழையில் அது தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் கேள்வி. இடத்தின் இரண்டு முனையிலும் மூன்றெழுத்து அடையாளம், நடுவே பதினோரு எழுத்து. நடுவில் என்ன எழுத்து என்பது பெரிதில்லை, எத்தனை என்பதே முக்கியம். புரதம் இரட்டையாக வந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முனையை மாற்றிவிட்டால் சரியாக உட்காராது. அந்த மூன்றெழுத்து இழை முழுக்க இறைந்து கிடக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்து ஏமாந்தால் பிழைப்பு நடக்காது.

இதைச் சொன்னபோது நைனா சிரித்தார். எங்கள் பாட்டையும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம், இதற்கா ஐந்து வருஷம் என்றார். பாடு என்பது ஏரியில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் மீன்பிடி இடம். ஒரு முனையில் துணி கட்டிய மூங்கில், மறுமுனையில் ஓலை கட்டிய மூங்கில். துணி மூங்கில் ஏரியெங்கும் நிற்கும். அதனால் துணியிலிருந்து முப்பது கழி நீளம் எண்ணித் தள்ளிப் போய், ஓலையைக் கண்ணால் பார்த்த பிறகே வலை இறக்க வேண்டும். சிரித்தாலும், தன் மகன் சென்னையில் எழுத்து எண்ணுகிறவன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அவரே.

பொங்கலுக்கு வந்திருந்தேன். கடைசி மூன்று சீட்டிலும் எங்களுக்கு விழுந்த பாட்டில் யாரோ முந்தி வலை போட்டிருந்தார்கள். நைனா காய்ச்சலில் படுத்துக்கொண்டே வெந்துகொண்டிருந்தார். வந்த மறுநாள் விடிந்ததும் சித்தப்பா மகன் குப்பனோடு நான் கிளம்பினேன். ஏரியில் பனி மூடியிருந்தது. ஒரு துணி மூங்கில் தெரிந்தது. அதன் பக்கத்திலேயே பக்கத்து ஊரான பசியாவரத்து எல்லப்பன் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

கத்தினேன். அவர் நிதானமாகத் திரும்பினார்.

"இது உன் பாடு இல்ல தம்பி. எண்ணிப் பாரு."

என்னையா எண்ணச் சொல்கிறாய் என்று ரத்தம் தலைக்கேறியது. முதல் அடி தோளில் விழுந்தது. படகு விளிம்பைப் பிடித்தார், விரல்கள் மேல் அடித்தேன். நிமிர்ந்தார், கண்ணில் குத்தினேன். தண்ணீரில் விழுந்தவரை மறுபடியும் அடித்தேன். குப்பன் என் கழுத்தைப் பிடித்து இழுத்திராவிட்டால் கொன்றிருப்பேன். அந்த நிமிஷம் எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன்.

மயங்கிக் கிடந்தவரை எங்கள் படகில் ஏற்றிக் கரைக்குத் தள்ளினோம். பனி விலகியது. எங்கள் துணியும் ஓலையும் நான் அடித்த இடத்திலிருந்து ரொம்பத் தெற்கே, ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. குப்பன் என்னைப் பார்த்தான். 

அடுத்தவன் பாட்டில் போய்க் கை வைத்தால் குடும்பத்துக்கு ஒரு வருஷம் சீட்டு கிடையாது. திருட்டு வலை போட்டவனுக்கும் அதே தண்டனை. ஊர்க்கூட்டத்துக்குக் கிளம்பும்போது, நடந்ததை எங்களிடம் கேட்டுத் தெரிந்திருந்த நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணிட்டுதான் அடிச்சேன்னு சொல்லு. இல்லாங்காட்டி நம்ம பாடு பூடும்டா."

சொன்னேன். குப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து எண்ணுகிறவன் எண்ணிக்கையில் தப்பமாட்டான் என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த எல்லப்பன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தினி எண்ணின தம்பி?"

"முப்பது."

 அவர் வாய் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தது.

"படிச்ச புள்ள நீ. அப்போ பனியில நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல," என்று சொல்லிவிட்டு, நசுங்கிய விரல்களைச் சேர்த்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.