லாட்ஜுக்கு வந்த நோ வொரீஸ்

உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால், ‘தேங்க்யூ’ என்றால் ‘வெல்கம்’ என்று பதில் சொல்லும் வழக்கம் திங்கட்கிழமை காலை பதினொரு மணியோடு ஒழிந்தது. ஒழித்தவர், சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் உமாபதி. ஒழித்த இடம், திருப்பதியில் வேதாச்சலத்தின் லாட்ஜ்.

“வெள்ளைக்காரன் இப்போ அப்படியா பேசறான்?” என்றார், வேலூருக்கு அப்பால் போயிராத உமாபதி. “‘நோ வொரீஸ்’! தோளைத் தளத்தி, சிரிச்சிக்கினே சொல்லணும். புகார் வந்தா, ‘வி ஆர் ஆன் இட்!’”

ரிசப்ஷனில் உட்காரும் நகரிக்காரி அகிலா எழுதிக்கொண்டாள். சாயங்காலம் பரீட்சை. தேறாவிட்டால் இந்த நாற்காலி கிடையாது, ரூம் பெருக்கப் போகவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். தமிழிலும் தெலுங்கிலும் ஏழு வருஷம் யாத்ரிகர்களைச் சமாளித்தவளுக்குத் தோளைத் தளர்த்தத் தெரியவில்லையாம்.

சாயங்காலம் சேலத்துக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவரும் மொட்டை, இடுப்பிலிருந்த பிள்ளையும் மொட்டை. கழுத்தெல்லாம் வெட்டுமுடி, பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதது.

“ஏம்மா, சுடுதண்ணி எப்பத்தான் வரும்? எட்டு மணிக்கு தரிசனம்.”

பாய்லர் பார்க்கும் முனியப்பனைக் கூப்பிட அகிலா போனை எடுக்கப் போனாள். உமாபதி போன்மேல் கையை வைத்தார்.

“போன் எதுக்கு? காலையில இன்னா சொல்லிக்குடுத்தேன்?”

“வி ஆர் ஆன் இட்னா, இப்போ யாரு சார் அந்த வேலையப் பாத்துக்கினு கீறாங்க?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா. அதான் அந்த பாஷையோட அழகு.”

வேதாச்சலம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அகிலா நாற்காலியை நினைத்தாள். தோளைத் தளர்த்தினாள். சிரித்தாள்.

“நோ வொரீஸ், சார்! வி ஆர் ஆன் இட்!”

சேலத்துக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. இவ்வளவு இங்கிலீஷ் பேசுகிற இடத்தில் தண்ணீர் காயாமலா இருக்கும்? “தேங்க்ஸுங்க” என்று மாடியேறினார்.

“இதுக்குத்தான் சார் உங்களக் கூட்டியாந்தது!” என்று வேதாச்சலம் உமாபதிக்குச் சால்வை போர்த்தினார். அகிலாவின் நாற்காலி நிலைத்தது.

ஆட்கள் கலைந்ததும் அவள் முனியப்பனுக்குப் போன் போட்டாள்.

“பாய்லரா? இங்கிலீஷ் சாரை எறக்கிவிட்ட வேன்லயே அத ஏத்தி, சித்தூருக்கு ரிப்பேருக்கு அனுப்பிட்டாரே மொதலாளி. உனக்குச் சொல்லலியா?”

சுடுதண்ணீர் வெள்ளிக்கிழமைதான்.