ஏரி கூப்பிடாது

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஜவுளிக்காரர்கள். வாங்கப் போன இடத்தில் பேரம் படியவில்லை என்றால் துணியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடப்போம். நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தோற்றோம். படி தாண்டுவதற்குள் கடைக்காரன் கூப்பிட்டுவிடுவான். மனிதர்களிடம் இது செல்லும். என் அக்காள் கணவரோ இதை ஏரிகளிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறை. கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு, கூடாரத்தை வண்டி மேல் கட்டிக்கொண்டு அத்தான் கிளம்பினார். பக்கத்தில் அக்கா. பின்னால் அடுப்புக்கும் பாய்களுக்கும் நடுவே நான், கொசுறு மாதிரி.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஊர் திரும்பியதும் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நீச்சலை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோல் சுருங்கச் சுருங்கத் தண்ணீரிலேயே கிடந்து வளர்ந்தவள். அதற்குள் ஒரு ஏரியில் ஆசை தீர நீந்த வேண்டும்.

முதல் ஏரி அருமையாக இருந்தது. நான் கூடாரத்துக்கு இரண்டு முளை அடித்துவிட்டேன். அத்தான் தண்ணீரை அள்ளி, துணியின் ஓரத்தைப் பார்ப்பதுபோல் விரலுக்கிடையில் தேய்த்தார்.

"மாப்ளே, முளையப் பிடுங்கு. முதல்ல எடுத்துப் போட்டதையே வாங்குறவன் வியாபாரியா?"

"ஏங்க, ஏரியிலகூடவா?" என்றாள் அக்கா.

"முன்னால இதைவிட நல்லது இருக்கும்மா."

வண்டி நகர்ந்ததும் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். ஏரி ஓடிவந்து விலை குறைக்கவில்லை.

அடுத்து ஒரு ஆறு: இழுப்பு அதிகம். அடுத்த ஏரியில் கோரை, அதற்கடுத்ததில் கூட்டம். பழைய கோட்டை ஒன்றில் மதில் கல்லைத் தட்டிப் பார்த்து, "பழைய ஸ்டாக்தான், ஆனா சரக்கு கெட்டி" என்றார். வழிகாட்டி ராஜாவின் கதையைத் தொடங்குமுன் வண்டிச் சாவி குலுங்கியது. எங்கேயும் உட்காரவில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்த்தார்.

"தம்பி ஒரு போன்கூடப் பண்ணலியே?" என்றாள் அக்கா. "கடை நல்லா நடக்குது போல."

"அதான்டி வயிறு எரியுது!"

கடைசி ஏரிக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அதற்கப்பால் வீட்டுக்குப் போகும் நெடுஞ்சாலைதான். வழக்கம்போல இரண்டு முளை அடித்தேன். அத்தான் கரையில் அங்கும் இங்கும் நடந்தார்.

"காத்து ஒரு மாதிரி அடிக்குது. சுத்துவழியில போனா ஒரு அணை வருமாம். பிடுங்கு மாப்ளே."

அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து ஏரியை நோக்கி நடந்தாள்.

அத்தான் சிரித்தார். "எங்கிட்டேயேவா! பாரு, இப்பத் திரும்புவா."

திரும்பவில்லை. துண்டு மணலில் விழுந்தது. தண்ணீர் கணுக்கால் ஏறி முழங்கால் தொட்டது.

"ஏன் மாப்ளே, கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டா தோத்தீங்க அத்தான்."

"கூப்பிடலேன்னா?"

இடுப்பளவில் நின்றிருந்தவள் அப்படியே முன்னால் சாய்ந்தாள். நொண்டிய கால் தண்ணீருக்குள் போனதும் நொண்டலைக் காணோம். நீளக் கைவீச்சு, அவசரமே இல்லை. அத்தான் வண்டியை அணைத்துவிட்டு ஓடினார்.

"ஏய்! சரி, சரி, நீ சொன்னபடியே! ரொம்ப உள்ள போகாதே! ஆழம் எவ்வளவு இருக்கும்?"

தலையைத் திருப்பாமலே பதில் வந்தது. "தினமும் அளக்குற ஆள்தானே? இறங்கி அளந்து பாருங்க!"

அத்தான் கரையோரமாகவே, அவள் போகும் பக்கமெல்லாம் கூட நடந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. தம்பிதான். எடுக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"என்னடா வேடிக்கை? மிச்ச முளையையும் அடி!"