நாலாவது பாதை

சனிக்கிழமை காலை, பல்கூட விளக்காமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள் டிஸ்க் அக்கா. ஆபீஸ்காரர்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கறுப்புத் திரையில், டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் அந்த ஒற்றைக் கட்டளையைத் தட்டினாள். ஊர் ஊராக இருக்கிற நூலகங்களின் பழைய பத்திரிகைகளைப் படமெடுத்துச் சேர்த்த டிஸ்க்குகள், ராத்திரி பஸ் ஏறினால் விடிந்து போய்ச் சேருகிற தூரத்தில், ஒரு கட்டடத்தில் இருந்தன. சர்வரிலிருந்து நாலு கேபிள், அதனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நாலு பாதை. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் சுமையைத் தாங்கிக்கொள்ளும், படிக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியது அவளுக்குத்தான். நன்றாயிருந்தால் ஆக்டிவ் என்று வரும், போயிருந்தால் ஃபெயில்ட். இன்றைக்கு எல்லாமே ஆக்டிவ். நல்லவேளை, முந்திக்கொண்டோம் என்று மூச்சு விட்டாள்.

பல மாதங்களாக வாரம் தவறாமல் இதே கூத்துதான். சனிக்கிழமை அவள் வேலைக்கு உட்காரும்போது எல்லா டிஸ்க்கிலும் நாலாவது பாதை ஃபெயில்ட் என்று நிற்கும். அந்தக் கட்டடத்துக் கேபிள்காரருக்குப் போன் போடுவாள். ரெண்டாவது ரிங் போவதற்குள் எடுத்துவிடுவார். "இருங்க மேடம், போய்ப் பாக்குறேன்" என்று நடந்துகொண்டே பேசுவார். உள்ளே குளிர் தாங்காமல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருப்பது, வாசல் செக்யூரிட்டி தூங்குவது, பெண்டாட்டி போன பிறகு தானே சமைக்கப் பழகி உப்பு மட்டும் கைவராதது, எல்லாம் வரும். கேபிளைக் கழற்றி மாட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். இவருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அவளும் அவசரப்படுத்தியதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் இல்லை.

அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் பிரிந்து போய் வருஷங்களாகின்றன. தங்கை தினமும் பூப்போட்ட காலை வணக்கம் அனுப்புவாள். போன் பண்ணினால் எடுக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜரோடு பேசி முடித்தால் மறுபடி தொண்டையிலிருந்து சத்தம் வருவது சனிக்கிழமைதான். ஃபெயில்ட் என்று பார்த்ததும் மனசு குளிர்கிற ஊழியர் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் அவள் வேலை தெரியாதவள் இல்லை. கெட்டுப்போன கேபிள் சுத்தமாகப் போகாது. ஒருமுறை தட்டினால் ஃபெயில்ட், மறுமுறை ஆக்டிவ் என்று இழுத்துக்கொண்டு கிடக்கும். இது அப்படியில்லை. போனால் போனதுதான், வந்தால் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் கல்லு மாதிரி நிற்கும். கேபிளையே புதிதாக மாற்றியும் அப்படித்தான். யாரோ கையால் கழற்றுகிறார்கள். டிஸ்க்குகள் இருக்கிற அந்த ஹாலில் கை என்று இருப்பது ஒரே ஆளுக்கு. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாள், திருட்டுக் கழுதை.

நேற்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை போச்சுன்னா அந்த ஹாலையே வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடலாம்." கொடுத்தால் கேபிள்காரருக்கு வேலை இல்லை. அவளுக்குச் சனிக்கிழமையே இல்லை.

போனை எடுத்தாள். இந்த முறை ரிங் நீண்டுகொண்டே போய்க் கடைசியில்தான் எடுத்தார். பின்னால் மின்விசிறிகளின் இரைச்சல்.

"என்ன மேடம், இன்னிக்கு சீக்கிரமே?"

"எங்க நிக்கிறீங்க?"

அவர் சொல்வதற்குள் அவளே கேட்டாள்.

"டிஸ்க் பெட்டிக்குப் பின்னாடியா?"

"ஆமா மேடம்."

"கையை எடுங்க. அதைக் கழட்டாதீங்க."

வெட்கத்தில் தானே போனை வைத்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்பருந்து தெரியும் மேடம்?"

"கேபிள மாத்துன அன்னிலருந்து."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேக்கல. அவ்வளவுதான்."

மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் "சரி மேடம், சரி மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் இங்க ஒரு மனுஷ முகம் கிடையாது. மிஷின்கூட எவ்வளவு நேரந்தான் பேசுறது? தப்புதான். மன்னிச்சுக்குங்க" என்றார்.

இத்தனை நாள் கோளாறுக்கு மேனேஜரிடம் என்ன காரணம் சொல்வது என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் இப்போது முன்னால் வந்து நின்றது. ஒன்றும் கெடாதபோது இந்த மனிதரோடு என்ன பேசுவது? ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்கலாம். வாய் வரவில்லை. அவருக்கும் அதே கதிதான் போலிருக்கிறது; தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது.

"அப்ப எல்லாம் நல்லாருக்குல்ல மேடம்?"

"நல்லாருக்கு. நாலும் ஆக்டிவ்."

"சரி. அப்ப... வச்சிடவா?"

"இருங்க" என்றாள். "இன்னொரு தடவை பாத்துடுறேன்."

கட்டளையைத் தட்டினாள். வரிகள் சரசரவென்று இறங்கித் திரையை நிறைத்து, அதற்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தன. மேலே முதல் வரிக்கு ஏறினாள்.

"மொத டிஸ்க். மொத பாதை, ஆக்டிவ்."

"ம்."

"ரெண்டாவது, ஆக்டிவ்."

"ம்."

"மூணாவது..."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் உட்காரும் வரைக்கும் நிறுத்தி, பிறகு நிதானமாக மேலே படித்தாள்.