கொஞ்சம் முன்னாடி குடுங்க

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பஸ்ஸில், கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், என் பள்ளித் தோழி ஜாஹிரா சொன்னது. கணவர் நசீருதீனோடு வெளிநாட்டுக்குக் குடிபோனவள், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டி டிக்கெட்டுக்குப் பணம் நீட்டினார்கள். யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி, முன்னால் நின்றவரிடம் கொடுத்தேன். ஜாஹிரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவி, இதை நான் அங்க பண்ணிட்டேன்டி" என்றாள்.

அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பனி கொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் டிராம் வண்டி ஒரு வெள்ளைக் குதிரையைப் போல—'

வேண்டாம். நான் பனியையும் பார்த்ததில்லை, டிராமையும் பார்த்ததில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. போனில் படித்துக் காட்டியபோது, அன்று பனியே இல்லை, மழைதான் என்றாள் ஜாஹிரா.

[டிராம் என்பது ரோட்டிலேயே தண்டவாளம் போட்டு ஓடுகிற வண்டி. நான் அதை எந்தத் தெருவில் ஓட்டினாலும் கடைசியில் எங்கள் ஊர் செங்கம் ரோட்டுக்கு வந்து ஆசிரமத்து வாசலில் நின்றுவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.]

3

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊருக்கு அவள் போன புதிது. மகள் சபாவுக்கு அன்றுதான் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். நசீருதீனால் வேலையை விட்டு வரமுடியவில்லை. பிள்ளையை அழைத்துவர ஜாஹிரா தனியாகக் கிளம்பினாள். அந்த ஊர் பாஷையில் சபாவுக்குத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

டிராமில் கண்டக்டர் இல்லை. முன்பக்கம் போய் டிரைவரிடம்தான் டிக்கெட் வாங்கவேண்டும். மழைக்குக் கூட்டம் முண்டியடிக்க, ஜாஹிரா பின்வாசலில் மாட்டிக்கொண்டாள். டிக்கெட் இல்லாமல் பரிசோதகரிடம் சிக்கினால் நடுவழியில் இறக்கிவிடுவார்கள், பெயர் விலாசமெல்லாம் கேட்டு லேசில் விடமாட்டார்கள் என்று நசீருதீன் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். சபா கேட்டில் தனியாக நிற்பாள்.

(போனிலேயே டிக்கெட் எடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டேன். "புது சிம்மு, நெட்டு வரலடி. நீ கதை எழுதறியா, கேஸ் நடத்தறியா?" என்றாள்.)

4

அவள் கை தானாகப் போனது. முன்னால் நின்ற தடித்த ஆளின் தோளை விரலால் தட்டி, நோட்டை நீட்டி, தமிழிலேயே சொன்னாள்.

"அண்ணா, டிக்கெட்டு ஒண்ணு. கொஞ்சம் முன்னாடி குடுங்க."

[இந்த ஆளை எனக்குப் பிடிபடவில்லை. கழுத்து வரைக்கும் பச்சை குத்தியவராம். கதைக்குச் சூடு வேண்டுமே என்று முதல் பிரதியில் அவரைக் கத்தவைத்தேன். "பாவம்டி அவரு" என்று ஜாஹிரா அந்தப் பக்கத்தையே அடிக்கச் சொல்லிவிட்டாள்.]

அந்த ஊரில் முன்பின் தெரியாதவரை யாரும் தொடுவதில்லை. அவ்வளவு நெரிசலிலும் தரையைப் பார்த்தபடி தனித்தனியாக நிற்பார்களாம். அவர் திரும்பினார். நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஜாஹிராவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. டிரைவர் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். அவர் நோட்டை வாங்கி, தனக்கு முன்னால் குடையோடு நின்ற பெண்ணின் தோளை, ஜாஹிரா தட்டியது போலவே, ஒற்றை விரலால் தட்டினார்.

யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு இப்படி ஒரு பழக்கமே இல்லை. சொல்லிக்கொடுக்க இவளிடம் பாஷையும் இல்லை. ஆனாலும் குடைக்காரியிடமிருந்து கையுறை போட்ட ஒரு கைக்கு, அங்கிருந்து மோதிரம் போட்ட ஒரு கைக்கு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போவது மாதிரியே அந்த நோட்டு தலைகளுக்கு மேலே போனது. யாரோ சிரித்தார்கள், கேலிச் சிரிப்பு இல்லை. மலையில் தீபம் ஏறும்போதுகூட எனக்கு இப்படி மெய்சிலிர்த்ததில்லை. சாமி மன்னிக்கட்டும்.

5

முடிவு ஒன்று: அதே கைகள் வழியாக டிக்கெட்டும் சில்லறையும் திரும்பி வருகின்றன. அழகாகத்தான் இருந்தது. ஆனால் படித்துப் பார்த்தபோது நானே நம்பவில்லை. கோளாறு முடிவிலா என்னிலா என்று தெரியவில்லை.

முடிவு இரண்டு: நோட்டு நடுவில் யார் கையிலோ நின்றுவிடுகிறது. பரிசோதகர் ஜாஹிராவின் பக்கம் திரும்பி—

என்னால் முடியவில்லை. கேட்டில் நிற்கிற சபா கண்முன் வந்துவிட்டாள். பேனாவை மூடிவிட்டேன்.

6

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதிவிடட்டுமா என்று ஜாஹிராவிடம் கேட்டேன்.

"டிக்கெட்டு வந்துச்சா இல்லையான்றது அப்புறம், கவி. கைய நீட்டுனப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதை எழுது" என்றாள்.

அதையே எழுதுகிறேன். டிராம் ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது. பின்வாசலில் பரிசோதகர் ஏறுகிறார். ஜாஹிரா எக்கி எக்கிப் பார்க்கிறாள்; நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தாயிற்று. சபா பையை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடக்கிறாள்.

கூட்டத்துக்கு நடுவில், கம்பியைப் பிடித்தபடி நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் தோளை யாரோ ஒற்றை விரலால் தட்டுகிறார்கள்.

கொஞ்சம் முன்னாடி குடுங்க.