குளிரில் வைத்த நீலம்

கோயிலிலிருந்து வந்த கமலாசனி பிரிட்ஜைத் திறந்தபோது கறிவேப்பிலைக் கட்டும் பால் போத்தலும்தான் இருந்தன. அவளுடைய நான்கு சின்னக் கண்ணாடிப் போத்தல்களும் கழுவப்பட்டு, தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவே தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. நன்றாகத்தான் கழுவியிருந்தார் வீட்டுக்கார டொரதி. ஒட்டியிருந்த லேபிளைக்கூட விடாமல் சுரண்டி எடுத்திருந்தார்.

"சிங்க்ல ஊத்திட்டேன் புள்ள," என்றார் பின்னால் நின்ற டொரதி. "ஆர்மி செக்கிங் வந்துட்டாங்க. ஒனக்குப் போன் அடிச்சேன், நீ எடுக்கல."

கோயிலுக்குள் அவள் போனை அணைத்து வைத்திருந்தாள்.

பிலிமத்தலாவையில் டொரதியின் வீட்டு முன்னறை பலசரக்குக் கடை. பின்னறை கமலாசனிக்கு வாடகைக்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவள் செய்த ஆராய்ச்சி வெளியே சொன்னால் யாரும் நம்பாத ஒன்று. துத்தநாக உப்பை மதுசாரத்தில் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்குவாள். அவற்றின்மேல் புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும். துகள் வளர்ந்துவிட்டால் மஞ்சள், மிகச் சிறிதாகவே நின்றால் நீலம். மஞ்சள் எவருக்கும் வரும். அந்த நீலத்துக்காகத்தான் அவள் ஒரு வருடமாக நாயாய் அலைந்தாள். வந்த பிறகும் குளிரில் வைக்காவிட்டால் துகள் தன்பாட்டில் வளர்ந்துவிடும். ஆய்வுகூடத்தில் சனி, ஞாயிறு மின்சாரம் இருக்காது என்றதால் இங்கே கொண்டுவந்தாள். திங்கட்கிழமை பேராசிரியர் அவற்றை ஜப்பானுக்குக் கொண்டுபோவதாக இருந்தார். அங்கே அளந்து நீலம் உறுதியானால் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம். மறுபடி செய்ய மூலப்பொருள் இல்லை. போர் நடந்த அந்த 2007ஆம் ஆண்டில் யாழ்ப்பாண முகவரிக்காரி இரசாயனம் கேட்டு அனுமதி வாங்குவதற்குள் வருடமே போய்விடும்.

ஒரு முறை கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கின்கீழ் ஒரு போத்தலைப் பிடித்துக் காட்டி, குளிரில் வைத்தால் வளராது என்று மட்டும் சொல்லியிருந்தாள். டொரதி சிலுவை போட்டுக்கொண்டு, "மாதா முக்காடு மாதிரியே இருக்கு புள்ள," என்றார்.

"கேட்டிருக்கலாமே அன்ரி! உங்களுக்குத்தானே காட்டினனான்!"

"செவப்புல 'தொடக் கூடாது'ன்னு எழுதியிருந்திச்சே. தொறந்தா சாராய வாடை. பத்திக்கும்னு தெரிஞ்சுது. என்னன்னு கேட்டா நான் சிங்களத்துல என்னத்தச் சொல்லுவேன்? ஒன்னத்தானே புடிச்சிட்டுப் போவாங்க." டொரதி கதிரையில் உட்கார்ந்தார். "எண்பத்து மூணு கலவரத்துல எங்க கடை மண்ணெண்ணெயத் தூக்கித்தான் எங்க கடையக் கொளுத்தினாங்க. எங்க வீட்டுக்காரரு அதோட படுத்தவருதான், எந்திரிக்கவே இல்ல."

இதை அவர் இதுவரை சொன்னதில்லை. சிவப்புப் பேனாவால் எழுதியது அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை விளக்கியிருக்கலாம்.

"வந்தவங்கள் என்ன செய்தவங்கள்?"

"ஒன் போலீஸ் பதிவுத் துண்டப் பாத்தாங்க. தண்ணி கேட்டுக் குடிச்சாங்க. போயிட்டாங்க." டொரதி காய்ந்துகொண்டிருந்த போத்தல்களைப் பார்த்தார். "பிரிட்ஜத் தொறக்கவே இல்ல புள்ள."

பிறகு டொரதி ஏதோ நினைத்தவராக எழுந்து, சிங்க் ஓரத்தில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்தார். "சிந்தினத இதாலதான் தொடச்சேன். வா, பாப்போம்."

கடையின் கதவை இழுத்துச் சாத்தி, நோட்டு விளக்கைப் போட்டார். துணி முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது.

"போகல! பாரு புள்ள, போகல!" டொரதி அழுதுகொண்டே சிரித்தார். "இதப் புழிஞ்சு எடுக்க ஏலாதா?"

சலவைத் தூளில் துவைத்த எந்த வெள்ளைத் துணியும் அந்த விளக்கின்கீழ் நீலமாகத்தான் ஒளிரும். டொரதியின் சட்டைக் கைவிளிம்பும் அதே நீலத்தில் எரிவதைக் கமலாசனி கண்டாள். துணியின் ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு மஞ்சள் கறை. காய்ந்து, வளர்ந்து முடிந்தது. அவளுடையது அதுதான்.

"ஓம் அன்ரி," என்றாள். "நீலம்தான்."

டொரதி துணியை நான்காக மடித்தார். சுத்தமான பை ஒன்றைத் தேடி அதற்குள் வைத்துக் கட்டினார். பிரிட்ஜின் மேலே இருந்த ஐஸ் அறையைத் திறந்து, ஐஸ் தட்டை ஒதுக்கி, மீன் பார்சலை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துணியை வைத்தார்.

"குளிர்ல வச்சா வளராதுன்னு சொன்னியே," என்றபடி பிரிட்ஜ் கதவைச் சாத்தி, அது சரியாக மூடியிருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.